நாய்க்கு முழுப்பேர், எனக்கு ஒரு செம்பு தண்ணீர்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாய் பிறகு வரும்.

தலவாக்கலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற பாதையில், மண் சரிந்து வேன்கூட ஏறாமல் கிடந்த வளைவில் இப்போது நிற்கிறதே ஒரு கருங்கல் மதில், அது நான் கட்டியது. கோயிலுக்கு ஏறுகிற நாற்பத்தொரு படிகளும் நான் வைத்தவை. எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்த படிகள் இரண்டு மழைக்காலத்தில் கீழே ஆற்றுக்குப் போய்விட்டன. கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டியும் நான் கட்டியதுதான். அந்த மேட்டில் தொட்டி நிற்காது என்று டவுனிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. தொட்டி நிற்கிறது.

கடைசியாக என் வீடு. மூன்று அறை, ஒரு குசினி, முன்னால் சீமெந்துத் தரை. அஸ்திவாரத்துக் கல் ஒவ்வொன்றும் என் தோளில் வந்தது. ஆட்டோ ஏறாத பாதை என்பதால் மட்டுமல்ல, அப்போது ஆட்டோவுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்பதாலும்.

படிப்பு நாலாம் வகுப்பு. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். எனக்கு இடது பக்கம் மூன்றாம் வகுப்பு, வலது பக்கம் ஐந்தாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. அதனால் ஐந்தாம் வகுப்பிலும் பாதி என் காதில் விழுந்தது என்றுதான் சொல்வேன். பதின்மூன்று வயதில் ஒரு சிங்கள மேசன் பாஸிடம், அதாவது கொத்தனாரிடம், கல் தூக்கப் போனேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. சிங்களத்தையும் சுவரையும் அவரிடமே ஒன்றாகப் படித்தேன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பாஸ் ஐயா என்றால் நான் ஒருவன்தான்.

இதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மகள் திருத்துவாள். திருத்துகிற சாக்கில் என் பங்கைக் குறைக்கக் கூடாது என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

இனி நாய்.

கொரோனாவுக்கு ஊரை மூடியிருந்த சமயம். பஸ் இல்லை, வேலை இல்லை. பாண் விற்கிற ஆட்டோ மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வரும். ஒரு நாள் அதன் பின்னால் ஒரு குட்டி ஓடிவந்தது. எங்கள் வாசல் வரைக்கும் ஓடியது, அதற்கு மேல் மூச்சு இல்லை, உட்கார்ந்துவிட்டது. என் மனைவி ஒரு துண்டுப் பாணைப் பாலில் நனைத்து வைத்தாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக முப்பது வருடம் இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள், கையில் பிள்ளை இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். குட்டி மாட்டிக்கொண்டது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "புள்ள" என்றே கூப்பிட்டாள். நான் "நாய்" என்று கூப்பிட்டேன். இரண்டுக்கும் வந்தது.

ஊரைத் திறந்தார்கள். நான் வேலைக்குப் போகலாம் என்று பார்த்தால் நாட்டில் சீமெந்து இல்லை. அதற்கும் ஒரு காலம் வீட்டில் உட்கார்ந்தேன். ஆக, அந்த நாய் வளர்ந்த வருடங்களில் வீட்டில் மனிதர் இல்லாத ஒரு பொழுதை அது பார்த்ததே இல்லை. வீடென்றால் நான்கு சுவர், கூரை, அதற்குள் நாங்கள் இருவர் என்றே அதன் புத்தியில் பதிந்திருந்தது. கட்டடத்தில் ஒரு தூணைக் காணோமென்றால் யாருக்கும் பயம் வரும்.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவள் ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிரசவ லீவு முடிந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவதென்று பேச்சு. எனக்கும் சீமெந்து வந்துவிட்டது, ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுமதில் கையில் இருந்தது. அப்படியானால் காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வீட்டில் நாய் மட்டும்.

அது எப்படியிருக்கும் என்பது நானுஓயாவில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றைக்குத் தெரிந்தது. இருவருமாகக் கதவைப் பூட்டிவிட்டுப் போய், மூன்று மணிக்குத் திரும்பி வந்தோம். நான் பலாப்பலகையில் செய்து போட்ட கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குக் கடித்துத் தும்பாகிக் கிடந்தது. திரைச்சீலை இல்லை. உள்ளே நாய் எச்சில் வழிய நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றான்.

அவன் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இராத்திரி வேலை. பகலில்தான் தூங்குவான். முறைக்கு என்னை மாமா, என் மனைவியை அக்கா என்பான்.

"மாமா, நீங்க கல்யாண வீட்டுல பாயாசம் குடிச்சீங்க. நான் இங்க ஒப்பாரி கேட்டேன்."

"நாய்தானே மாப்ள."

"நாய்தான். மனுசனா இருந்தா வந்து ரெண்டு ஆறுதல் வார்த்த சொல்லியிருப்பேன். எட்டரைக்கு ஆரம்பிச்சது. மூச்சு வாங்க மட்டும் நிறுத்துச்சு."

"ஒரு நாளைக்குத்தானே."

"அக்கா ஹட்டனுக்குப் போக ஆரம்பிச்சா தெனமும்தானே. நான் தூக்கமில்லாம ரோலர் பக்கத்துல நின்னா, ஒரு நாளைக்கு என் கையும் தேயிலையோட அரைஞ்சி வரும். யாரோ அதையும் ஊத்திக் குடிப்பாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வழியும் அவனே வைத்திருந்தான். நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் அவன் மச்சானுக்கு லீக்ஸ் காய்கறித் தோட்டம். பன்றி விரட்டச் சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் வேண்டுமென்று கேட்டிருக்கிறான். "அங்க எவ்வளவு வேணும்னாலும் கத்தட்டும். பன்னி கேக்கும்."

என் மனைவி அன்று சாயங்காலம் கதவடித் தும்பைக் கூட்டி அள்ளினாள். விளக்கேற்றிய பிறகு சொன்னாள்: "அவ லீவு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள புள்ள தனியா இருக்கப் பழகுனா இருக்கட்டும். இல்லாட்டி லீக்ஸ் தோட்டத்துக்கே கொண்டுபோய் விட்டுடுங்க. ஆனா நான் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துக் கொண்டுபோங்க."

சங்கிலி என்று அவள் வாயால் சொல்லவில்லை. நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

நான் கட்டுகிறவன். அதனால் கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாய்க்கூடு: கருங்கல் அடித்தளம், என் வீட்டுக்குப் போட்டு மிஞ்சின ஓடு, இரும்புக் கம்பிக் கதவு, தண்ணீர் வடிய ஒரு சிறு கான். தோட்டத்துத் துரை பங்களாவில் நாய்க்கு அப்படி ஒரு வீடு கிடையாது. நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் விழுகிற நேரம் வரைக்கும் அமைதியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்காலில் ஒரு நகம் பிய்ந்து, கம்பியெல்லாம் இரத்தம். கட்டடத்தில் குறையில்லை. இன்று வரை அதில் ஒரு வெடிப்புக் கிடையாது. இப்போது விறகு வைத்திருக்கிறோம், ஒரு சொட்டு நனைவதில்லை.

நகத்துக்கு மருந்து போட டவுனில் மிருக வைத்தியரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். டொக்டர் ஒரு சின்னப் பெண், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நகத்தைச் சுத்தம் செய்துகொண்டே என்னிடம் கேட்டார்:

"ஐயா, நீங்கள் வெளிக்கிடேக்க நாய் என்ன செய்யும்?"

எங்கள் பக்கத்தில் வெளிக்கி என்றால் ஒன்றுதான். இந்தப் பிள்ளை இதையெல்லாம் ஏன் கேட்கிறது என்று நினைத்தேன். ஆனால் டொக்டர். மறைக்கக் கூடாது.

"கதவுக்கு வெளியே உக்காந்திருக்கும் டொக்டர். கொஞ்சம் நேரமாச்சுன்னா கதவைச் சுரண்டும். நான் உள்ளேருந்து இருமுனா நிறுத்தும்."

டொக்டர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டது, வீட்டை விட்டுப் புறப்படேக்க," என்றார் டொக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, இதுவும் எனக்குத் தெரியத்தான் வேணும். அங்கையும் விடாதோ?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆக, நோயைக் கண்டுபிடிக்க உதவின தகவல் நான் கொடுத்தது.

நாய்க்கு வியாதி ஒன்றுமில்லை, பயம் என்றார். அடிக்கக் கூடாது, கூட்டில் அடைக்கக் கூடாது. கதவைத் திறந்து வெளியே போங்கோ, அது அழ முதல் திரும்பி வாங்கோ. இன்றைக்கு அரை நிமிஷம் என்றால் அரை நிமிஷம், நாளைக்கு ஒரு நிமிஷம். வந்து கொஞ்ச வேண்டாம், சும்மா தண்ணீர் குடிக்க வந்த ஆள் மாதிரி வாங்கோ. நாளைக்கு இருபது தரம் செய்தாலும் நல்லது. போனவர் திரும்பி வருவார் என்று அதுக்கு நம்பிக்கை வர வேணும், அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்க வந்த ஆள் மாதிரி என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை செருப்பைப் போட்டு, பையை எடுத்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி வெளியே போனேன். பத்து எண்ணினேன். திரும்பி உள்ளே வந்தேன். உடனே மறுபடி வாசலுக்குத் திரும்பினேன். என் மனைவி குறுக்கே நின்றாள்.

"கெளம்புன ஆளு திரும்பி வந்தா அப்படியே போவாங்களா? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இது நாய்க்குப் பழக்குறது. நெஜமா கெளம்பல."

"செருப்புப் போட்டீங்க, போயிட்டு வர்றேன்னு சொன்னீங்க, வாசல் தாண்டுனீங்க. அப்புறம் என்ன நெஜமா இல்ல?"

அவளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு தடவை நூல் கயிற்றை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தவன், அவசரத்தில் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டேன். அன்றைக்கே ஒரு கல் சரிந்து கால் பெருவிரலில் விழுந்தது. அந்த விரல் இன்னும் மழைக்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்கிறது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, செம்பிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனால், அதில் பதினான்கு தடவை திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற கணக்கு. முதல் நாள் மத்தியானத்துக்குள் செம்பு காலி. வேறு காரணத்துக்காகவும் நான் அடிக்கடி வெளியே போக வேண்டியிருந்தது. அந்தத் தடவைகளையும் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுக்காரன் தூங்கப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மாமா, வீடு மறந்துபோச்சா?"

கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் கூடையோடு கீழ்ப்பாதையில் நின்றுவிட்டார்கள். "பாஸ் ஐயாவ வீட்டம்மா வெரட்டி வெரட்டி விடுது, அவரு வெக்கமில்லாம திரும்பித் திரும்பிப் போறாரு" என்றாள் ஒருத்தி. "குடிச்சிட்டு வந்திருப்பாரு" என்றாள் இன்னொருத்தி. குடித்தேன்தான். செம்பு செம்பாகக் குடித்தேன்.

முதல் வாரம் செம்பைக் கண்டாலே நாய் நடுங்கியது. இந்த மனுஷன் தண்ணீர் குடித்தால் போய்விடுவான் என்று விளங்கிக்கொண்டது. இரண்டாம் வாரத்தில் நடுக்கம் போனது. மூன்றாம் வாரத்தில் நான் தண்ணீர் குடித்து எழுந்ததும் அது நாற்காலிக்குக் கீழே போய், அங்கே கிடந்த சாக்கில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். என் மனைவி என்னோடு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் தொட்டிக்குப் பின்னால் நிற்பேன், என் தொட்டிதான், மழைக்குத் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு. கால் மணி. அரை மணி. இந்த வயதில் என் வீட்டுக்கே நான் ஒளிந்து நின்றேன்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் ஒரு சிக்கல். நாய்க்கு எங்கள் வாசம் எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும். அங்கே போனால் அது அழுகிறதா என்பது எங்களுக்குக் கேட்காது. என் மனைவிதான் ஆளைப் பிடித்தாள். சீனிச் சம்பல் வைத்துச் சுட்ட இரண்டு பணிஸைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரன் கையில் வைத்தாள்.

"தம்பி, நாய் அழுதா மொதல்ல உங்க காதுலதானே விழுது. நீங்களே கணக்கப்பிள்ளையா இருந்து பேரு போடுங்க."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தால் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அவன் அம்மா எத்தனையோ நாள் அரைப்பேரோடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். இப்போது கையில் அதிகாரம். தன் நீலக் கதவில் கரித்துண்டால் கோடு கிழித்து உட்கார்ந்துவிட்டான். சத்தமே இல்லாவிட்டால் முழுப்பேர். முனகினால் அரைப்பேர். ஊளையிட்டால் பேர் இல்லை.

"இன்னைக்கு அரப்பேரு மாமா. பதினொரு மணிக்கு மூக்கால ஒரு தடவ முனகுச்சு."

"மூச்சு விட்டிருக்கும்."

"மெசினுக்குப் பக்கத்துல நிக்கிறவன் நானு. எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சொல்லித் தர வேணாம். அரப்பேருதான்."

"உன் கதவுல ஒரு கோடு கூட இழுத்தா என்ன கொறஞ்சிடும்?"

"அப்படித்தான் எங்க அம்மாவும் கேட்டுச்சு. கணக்கப்பிள்ளை போடல."



நாலாம் வாரத்து முடிவில் அந்த நாய் இரண்டு மணி நேரத்துக்கு முழுப்பேர் வாங்கியது. நான் பள்ளிக்கூட மதில் வேலைக்குத் திரும்பினேன். பழக்கத்தை அரைநாளாகக் கூட்டுவது என்று, ஒரு திங்கட்கிழமை இருவரும் நிஜமாகவே புறப்பட்டோம். அவள் குடையும் பையுமாக ஹட்டன் பஸ்ஸுக்கு, நான் வேலைக்கு. எதையும் மறக்கவில்லை. யாரும் திரும்பி வரவில்லை. ஒழுங்கான புறப்பாடு.

மத்தியானம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வாசலில், துவாயோடு.

"பேரு இல்ல."

"எப்ப ஆரம்பிச்சது?"

"நீங்க முடக்குத் திரும்புறதுக்குள்ள. கல்யாணத்தன்னைக்கி அழுததுக்கு இது மேல."

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பேர் இல்லை. கதவின் தும்பு இன்னும் ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. சனிக்கிழமை லீக்ஸ் தோட்டத்து லொறி தலவாக்கலைக்கு வருகிறதென்றும், மச்சான் கேட்டானென்றும் அவன் சொன்னான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கதவில் அதுவரை போட்ட பேரெல்லாம் அவன் கைவேலையாயிற்றே. என் மனைவி அன்றைக்கு நாய்க்குக் கோழி எலும்பு நீக்கிச் சோறு பிசைந்து வைத்தாள். அதைப் பார்க்க எனக்குச் சரிப்படவில்லை, போய்க் கரண்டியைக் கழுவினேன். ஏற்கனவே கழுவின கரண்டி.

ஒரு சுவர் வயிறு தள்ளினால் பாஸ் என்ன செய்வான்? எந்த வரியிலிருந்து தள்ளுகிறது, அந்த வரியில் மட்டும் என்ன மாறியது என்று பார்ப்பான். நான் பார்த்தேன். அதே கதவு, அதே பூட்டு, அதே சாக்கு. ஒன்றும் மாறவில்லை. நாலு வாரம் நின்ற சுவர் ஏன் விழுகிறது?

புதன்கிழமை காலை இருவரும் புறப்பட்டோம். பாதி ஏற்றத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. அவளைப் பஸ்ஸுக்குப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஊளை கோயில் வரைக்கும் கேட்டது. கதவைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். திரும்பி வந்தவன் அல்லவா, நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரு வாய் குடித்தேன், பூட்டிவிட்டுப் போனேன்.

மத்தியானம் அவன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"மாமா, திரும்பி வந்தீங்கள்ல, நாய்க்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"மருந்து ஏதாச்சும்?"

"இல்ல மாப்ள."

"மொதத் தடவ நீங்க போனப்ப ஊளை. ரெண்டாந்தடவ போனீங்க, அதோட சரி. இப்ப வரைக்கும் மூச்சுச் சத்தமில்ல. ஏதோ குடுத்திருக்கீங்க."

"நாய்க்கு ஒண்ணும் குடுக்கலடா. நான்தான் தண்ணி குடிச்சேன்."

சொல்லிவிட்டு நான் நின்றேன். அவனும் நின்றான்.

நாலு வாரமாக நான் எத்தனை தடவை வெளியே போனேனோ, அத்தனை தடவையும் செம்பைத் தூக்கிவிட்டுத்தான் போனேன். நாளின் முதல் புறப்பாடு ஒன்றைத் தவிர. அதுவும் பத்து எண்ணுவதற்குள் முடிகிற புறப்பாடு. நாய் ஒரே ஒரு பாடத்தைப் படித்திருந்தது: தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற மனிதன் திரும்பி வருவான். குடிக்காமல் போகிறவனைப் பற்றி அதற்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. திங்கட்கிழமை நாங்கள் ஒழுங்காகப் புறப்பட்டோம், அதுதான் பிழை.

தண்ணி குடிச்சேன் என்கிற சொல் முதலில் என் வாயிலிருந்து வந்தது. அவன் சாட்சி.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் செம்பைக் கையில் எடுத்தாள். "அப்ப கெளம்புறதுக்கு முன்னாடியே குடிச்சிட்டுப் போவோம்."

"திரும்பி வராமலே குடிக்கலாமா? அது திரும்பி வந்தவங்களுக்கு உள்ளதுதானே."

"தண்ணி குடிச்சிட்டுப் போறது எந்தச் சாத்திரத்துலயும் தப்பில்ல," என்று முடித்துவிட்டாள். சட்டம் அவளுடையது, அவளே திருத்தினாள்.

வியாழக்கிழமை காலை. அவள் புடவை கட்டி, குடையை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். எழுந்தாள். நான் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். நாய் அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, செம்பைப் பார்த்தது. நான் எழுந்ததும் நாற்காலிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. போயிட்டு வர்றோம் என்று சொல்லிப் பூட்டினேன்.

ஏற்றத்தில் அவள் என் முன்னால் நடந்தாள். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற எத்தனையோ தாய்மாரை, திரும்பிப் பார்க்காதீங்க, பாத்தா நீங்களும் அழுவீங்க அதுவும் அழும் என்று முப்பது வருடம் அனுப்பி வைத்தவள். பாதை வளைகிற முடக்கில் அவள் கால் நின்றது. தலை திரும்பவில்லை. குடையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கேக்குதா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நடங்க."

ஒன்றும் கேட்கவில்லை. தேயிலைக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஐந்து மணி வரைக்கும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. பஸ்ஸடியில் அவளுக்காகக் காத்திருந்து, இருவருமாக இறங்கி வந்தோம். பக்கத்து வீட்டு வாசலில் ஆள் இல்லை. அவன் மனைவியிடம் கேட்டதற்கு, "அவரு காலையில படுத்தவரு, இன்னும் எந்திரிக்கல" என்றாள். எங்கள் கதவின் தும்பு ஏறவில்லை. உள்ளே நாய் சாக்கிலிருந்து எழுந்து, முதுகை நீட்டி நெளித்து, வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது. என் மனைவி கொஞ்சவில்லை, டொக்டர் சொன்னபடி. குசினிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அவன் ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கரித்துண்டை எடுத்தான்.

"முழுப்பேரா?" என்றேன்.

"நான் தூங்கிட்டேன் மாமா. கேட்டேன்னு சொல்ல முடியாது."

"அப்ப?"

"தூங்குனேன்ல. முழுப்பேரு." கோட்டை இழுத்தான். அப்படியே மச்சானுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை லொறியில் நாய் வராது, வேற நாய் பாரு என்றான். "இது இங்க வேல பாக்குது" என்று காரணமும் சொன்னான்.

லீவு முடிந்து மகள் வேலைக்குப் போகிறாள். என் மனைவி தினமும் ஹட்டனுக்குப் போகிறாள். நாய் தினமும் தனியாக இருக்கிறது. மகள் எங்கள் வீட்டுக்கு வந்தால், கிளம்பும்போது அவளும் ஒரு வாய் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாய் வாசலை மறித்துக்கொள்ளும்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். கோயிலில் என் மனைவி சொல்வது: பிள்ளைக்காம்பராவில் படித்த வித்தை. மகள் அலுவலகத்தில் சொல்வது: டொக்டர் சொன்னபடி அம்மா பழக்கினாங்க. பக்கத்து வீட்டுக்காரன் ஸ்டோரில் சொல்வது: நான் பேர் போட்டுப் பேர் போட்டுத் திருத்தின நாய். டொக்டர்கூட, நான் நகம் காட்டப் போனபோது, நாய் கெட்டிக்கார நாய் என்றார். ஒருத்தர் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. தண்ணீர் என்று சட்டம் போட்டது அவள், வழி சொன்னது டொக்டர், காது கொடுத்தது அவன், இருந்தது நாய்.

போனது யார்?

உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் நின்றது யார்? கொழுந்துக் கூடைக்காரிகள் முன்னால் வெட்கமில்லாதவன் என்று பேர் வாங்கியது யார்? போவதற்கு ஓர் ஆள் இல்லாவிட்டால், திரும்பி வருவான் என்பதை அந்த நாய் யாரை வைத்துப் படித்திருக்கும்? அத்தனை தண்ணீரையும் குடித்த வயிறு யாருடையது?

ஆகவே மாப்ள, உன் நீலக் கதவில் நாயின் கோட்டுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கோடு வேண்டும், முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு நாளுக்கும் முழுப்பேர். அரைப்பேர் வாங்கமாட்டேன். கரியில் வேண்டாம், சாரல் பட்டால் அழிந்துவிடும். என்னிடம் மிஞ்சின பெயிண்ட் இருக்கிறது, நானே கொண்டுவந்து தருகிறேன். மகள் இந்தப் பக்கத்தைத் திருத்தும்போது எதை வெட்டினாலும் இந்தக் கடைசி வரிகளை வெட்டாமல், எழுதினபடியே அவனிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.